24 மணி நேர ஷிஃப்ட்: ஹோம்ஸ்டெட் 1892

[திரையில்: மொனொங்காஹேலா ஆறு, கரையோரம் புகைபோக்கிகள்]

அந்தக் காலத்து அமெரிக்க எஃகு ஆலையில் வேலை நேரம் 12 மணி நேரம் என்பது சர்வசாதாரணம். ஊதுலை அணையக் கூடாது, அதனால் ஞாயிறும் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல் ஷிஃப்டிலிருந்து இரவுக்கு மாறுகிற ஆள், இடைவெளியை நிரப்ப 24 மணி நேரம் ஒரே மூச்சில் நிற்க வேண்டும். பெயர் 'லாங் டர்ன்'. கொதிக்கிற இரும்புக்குப் பக்கத்தில், தூக்கக் கலக்கத்தோடு!

சரி, சங்கம் எங்கே போனது? பிட்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் ஹோம்ஸ்டெட்டில் பலமான சங்கம் இருந்தது. ஆனால் அது கைதேர்ந்த தொழிலாளர்களின் சங்கம். ஆலையில் சுமார் 3,800 பேர் என்றால் உறுப்பினர்கள் 800 பேர்தான்.

சண்டை கூலிக் கணக்கில் ஆரம்பித்தது. எஃகு விலை இறங்கினால் கூலியும் இறங்கும், ஆனால் விலை டன்னுக்கு 25 டாலருக்குக் கீழே போனாலும் கூலி அதற்கு மேல் குறையாது. அந்த 25-ஐ 22 ஆக்கச் சொன்னார் நிர்வாகி ஹென்றி ஃப்ரிக். முதலாளி ஆண்ட்ரூ கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில். (வசதியான நேரத்தில் வசதியான ஊர்.) ஆனால் ஃப்ரிக் முள்கம்பி வேலி போட்டுக் கதவடைத்த விதத்தைப் பார்த்தால், மூன்று டாலர் வெறும் சாக்கு, சங்கத்தையே ஒழிப்பதுதான் குறி என்று தோன்றுகிறது.

அவர் எதிர்பார்க்காதது, சங்கத்தில் சேர்க்கப்படாத கூலியாட்களும், அதில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் பலர், கூடவே நின்றதுதான்.

[திரையில்: ஜூலை 6, 1892, விடியற்காலை]

கம்பெனி வரவழைத்த, பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் 300 அடியாட்கள் இரண்டு படகுகளில் ஆற்றுவழியே வந்தார்கள். ஊரே கரைக்கு ஓடி வந்தது. துப்பாக்கிச் சூடு, டைனமைட், தண்ணீரில் எண்ணெய் ஊற்றித் தீ வைக்கும் முயற்சி என்று சாயங்காலம் வரை நடந்தது. இரு பக்கமும் உயிர் போனது. கடைசியில் சரணடைந்தது பிங்கர்ட்டன்கள்தான்.

ஆனால் ஜெயித்தது கம்பெனி. ஒரே வாரத்தில் மாநிலப் படை இறங்கியது, அதன் காவலில் புது ஆட்கள் உள்ளே போனார்கள், நவம்பரில் போராட்டம் முடிந்தது. அப்புறம் நாற்பது வருஷத்துக்கு அந்த ஆலையில் சங்கம் தலைதூக்கவே இல்லை.

1898-இல் கார்னகி அதே ஊரில் ஒரு பெரிய நூலகம் கட்டிக் கொடுத்தார். 12 மணி நேரம் உலையடியில் நின்றவன் எப்போது போய்ப் படிப்பான்? எட்டு மணி நேர ஷிஃப்ட் அமெரிக்க எஃகு ஆலைகளுக்கு வந்ததே 1923-இல்தான்.