அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த பிட்ச் ப்ரொப்பல்லர்?

வணக்கம் மக்களே. வள்ளத்துக்குப் பின்னாடி மாட்டற அவுட்போர்டு மோட்டாரோட ப்ரொப்பல்லரை, அதாவது தண்ணியைத் தள்ளற விசிறியை, கையில எடுத்துப் பாருங்க, நடுக்குடத்துல 9 1/4, 10னு ரெண்டு நம்பர் அடிச்சிருக்கு. முதல் நம்பர் விட்டம், ரெண்டாவதுதான் பிட்ச். மரத்துல ஸ்க்ரூ ஏறுது இல்லையா, அது மாதிரி ஒரு சுத்துக்கு 10 இன்ச் முன்னாடி போகணும், ஆனா தண்ணி மரம் மாதிரி கெட்டி இல்லையே, நழுவும், அதனால கம்மியாதான் போகும், அதுக்குப் பேரு ஸ்லிப்.

கணக்கு போட்டுப் பாப்போம். மோட்டார் 5000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 5000 சுத்து), கியர் ரேஷியோ 2.08னா, அதாவது மோட்டார் 2.08 சுத்து சுத்தினா ப்ரொப்பல்லர் ஒரு சுத்துன்னா, ப்ரொப்பல்லர் நிமிஷத்துக்கு சுமார் 2400 சுத்து சுத்துது, 10 இன்ச் பிட்சுக்கு மணிக்கு 36 கிலோமீட்டர் வரணும், ஸ்லிப் 25 சதவீதம் போச்சுன்னா 27தான் கிடைக்கும்.

அப்ப 12 இன்ச் போட்டா இன்னும் பறக்குமேன்னு தோணும். நானும் அப்படித்தான் நினைச்சு எங்க ஃபைபர் வள்ளத்துல மாட்டினேன், காலி வள்ளத்துல நல்லாதான் ஓடுச்சு, ஆனா வலை, ஐஸ் பெட்டி, நாலு ஆளுன்னு ஏறினதும் திராட்டிலை முழுசா முறுக்கியும் மோட்டார் முக்குது, வேகம் ஏறவே இல்ல. டாப் கியர்ல பைக்கை மேட்டுல ஏத்துற கதைதான். இப்படியே தினமும் ஓட்டினா சூடு ஏறும், கார்பன் படியும், பிஸ்டனுக்கே ஆபத்து, இது விளையாட்டு இல்லங்க.

பிட்ச் ரொம்ப கம்மியா போட்டாலும் தப்பு, மோட்டார் ஓவரா சுத்தும், எரிபொருள் வீணாகும்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுக்கறது? மோட்டாரோட புத்தகத்துல ஃபுல் திராட்டில்ல எவ்வளவு ஆர்பிஎம் வரணும்னு போட்டிருக்கும், உதாரணத்துக்கு 5000ல இருந்து 6000னு வெச்சுக்கோங்க. ஸ்பார்க் பிளக் வயர்ல சுத்தி மாட்டற சின்ன டேக்கோமீட்டர், அதாவது ஆர்பிஎம் காட்டற மீட்டர், ஒண்ணு வாங்கி, தொழிலுக்குப் போற அதே லோடோட ஃபுல் திராட்டில் குடுத்துப் பாருங்க. காலி வள்ளத்துல பாக்கற ஆர்பிஎம்மை நம்பி முடிவு எடுக்காதீங்க, நம்ம வள்ளம் காலியா ஓடுறது கொஞ்ச நேரம்தானே! மண்ணெண்ணெய்ல ஓட்டுறவங்க மண்ணெண்ணெய்லயே டெஸ்ட் பண்ணணும், ஏன்னா பெட்ரோல் அளவுக்கு அதுல பவர் வராது.

4700தான் காட்டுதுன்னா பிட்சைக் குறைக்கணும். 1 இன்ச் குறைச்சா தோராயமா 150ல இருந்து 200 ஆர்பிஎம் ஏறும், அப்ப 10க்குப் பதிலா 8 போட்டா 5000, 5100ன்னு வந்துடும். அப்புறம் லோடு இறக்கிட்டு ஒரு தடவை ஓட்டி 6000ஐத் தாண்டலையான்னும் பாத்துடுங்க.

காசு போட்டு வாங்கறதுக்கு முன்னாடி, வள்ளத்தோட அடியில பாசி, சிப்பி ஒட்டியிருக்கா, பிளேடு வளைஞ்சிருக்கான்னு பாருங்க. ஆர்பிஎம் சர்ருன்னு ஏறுது ஆனா வள்ளம் நகரலைன்னா பிட்ச் மேல பழி போடாதீங்க, குடத்துக்குள்ள இருக்கற ரப்பர் புஷ் நழுவுதான்னு முதல்ல பாருங்க.

பழைய ப்ரொப்பல்லர் நல்லா இருந்தா வித்துடாதீங்க, அதைக் கழட்டி மாட்டற ஸ்பேனரோட வள்ளத்துலயே வெச்சிருங்க. நடுக்கடல்ல பிளேடு உடைஞ்சா கரைக்கு வந்து சேர அது போதும்.