ஆடிப்பட்டம் தவறலாமா?

(ஈரோட்டில் இலக்கியப் பேரவை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய புலவர் ஐயா அவர்களே, வரவேற்புரை நல்கிய கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, தறிக்கூடத்தில் கூலிக்கு அமர்ந்த நாளை மறவாமல், இன்று இந்த மண்டபத்தை வாடகையின்றித் தந்து உதவிய சென்னிமலைத் தொழிலதிபர் அவர்களே, மஞ்சள் வணிகப் பெருமக்களே, பவானியிலிருந்தும் கோபியிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் இளைஞர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். புலவர் ஐயா என்னைப் பற்றிக் கூறிய பாராட்டுரைகள் அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகின்றன. அவர் முன்னிலையில் பேசக் கிடைத்ததையே பேறாகக் கருதுகிறேன்.

கொங்கு மண்ணில் ஆவணப்படம் எடுக்க முனைவோருக்கு நாம் செய்ய வேண்டியவை மூன்று. நிதி நல்கை முதலாவது, தயாரிப்பு உதவி இரண்டாவது, எடுத்த படங்களைக் காப்பது மூன்றாவது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம் பாட்டன்மார் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேட்க வேண்டுகிறேன்.

சினிமா நமக்குப் புதிதன்று. கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வே வேலையை விட்டுவிட்டு, 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகக் கொட்டகை போட்டவர். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டினார். பிறகு சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் கோவையில் இயங்கின. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. நடிகர் முதல் ஒலிப்பதிவாளர் வரை இங்கேயே தங்கி வேலை செய்த காலம் அது. அந்தத் தொழில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, நம் வாழ்க்கையைப் பதிவு செய்யும் பொறுப்பு வெளியூராரின் கைக்குப் போனது. நம் நாட்டுப்புறக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை 1960களில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, ஒலிநாடாவில் முழுதாகப் பதிவு செய்தவர் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் பிரெண்டா பெக். அந்த அம்மையாருக்கு நாம் என்றும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த வேலையைச் செய்ய நம் பிள்ளைகளுக்குக் கருவியும் காசும் கொடுக்க இங்கே ஆள் இல்லாமல் போயிற்றே என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

பவானியில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, ஜமக்காள நெசவாளி. அகலமான ஜமக்காளம் என்றால் குழித்தறியில் இருவர் அருகருகே அமர்ந்து நெய்ய வேண்டும். அப்பாருவுக்குத் துணையாக உட்கார ஊரில் மிஞ்சியிருந்தவர் இன்னொரு முதியவர் மட்டுமே. இதைப் படமாக்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை, ஆனால் கேமரா இல்லை. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரரிடம் போய்க் கேட்டார். அவர் நல்ல மனிதர். "ஆடி பொறந்தா முகூர்த்தம் கெடையாது கண்ணு, கேமரா சும்மாதான் கெடக்கும். எடுத்துட்டுப் போ. ஆவணி பொறக்கறதுக்குள்ள கொண்டாந்துரு" என்றார். அப்படியே நான்கு ஆண்டுகள், ஆடியில் மட்டுமே படப்பிடிப்பு நடந்தது. அந்தப் படத்தில் கூடுதுறையில் பதினெட்டாம் பெருக்கு நான்கு முறை வரும். பொங்கல் ஒருமுறையும் வராது. ஒரு தை மாதத்தில், அப்பாரு தம் கடைசிப் பெரிய ஜமக்காளத்தைத் தறியிலிருந்து அறுத்து இறக்கினார். அறுத்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தடவிவிட்டு ஏதோ சொன்னார். கேமரா அன்று கோபியில் ஒரு திருமணத்தில் இருந்தது. தம்பி கைப்பேசியில் எடுத்தார். கை தெரிகிறது, வாய் அசைவதும் தெரிகிறது. பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் அவர் சொன்ன சொல் மட்டும் கேட்கவில்லை. அந்தத் தறியில் அதற்குப் பிறகு பாவு ஏறவே இல்லை.

சட்டையில் செருகும் ஒரு சிறிய மைக்கும், அதைச் சரியாக வைக்கத் தெரிந்த ஒருவரும் அன்று அங்கே இருந்திருந்தால் அந்தச் சொல் நமக்குக் கிடைத்திருக்கும். தயாரிப்பு உதவி என்று நான் கேட்பது இதைத்தான். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்றால், விதை வீட்டில் இருக்க வேண்டும்.

உலகில் இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் ஆவணப்படக் கலைஞர்களுக்காக ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழா 1998 முதல் ஒரு நிதியை நடத்தி வருகிறது. பெங்களூருவில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற கலை அமைப்பு 1995இலிருந்து நல்கை வழங்குகிறது. அங்கே இந்திய மொழிகளிலேயே விண்ணப்பிக்கலாம். ஜப்பானில் நெல் விளையும் யமகதா பகுதிக்கு, 1970களின் நடுவில் இயக்குநர் ஓகாவா ஷின்சுகேயும் அவர் குழுவினரும் குடிபெயர்ந்தார்கள். ஊரார் தங்க இடமும் உழ வயலும் கொடுத்தார்கள். குழுவினர் ஆண்டுக்கணக்கில் நெல் பயிரிட்டுக்கொண்டே படம் எடுத்தார்கள். யமகதா நகரம் தன் நூற்றாண்டை ஒட்டி 1989இல் தொடங்கிய ஆவணப்பட விழா, தலைநகரை விட்டு விலகிய அந்த ஊருக்கு உலகக் கலைஞர்களை இன்றும் வரவழைக்கிறது. யமகதாவால் முடிந்தது ஈரோட்டால் முடியாதா?

நம் நொய்யல் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் பாசனத்துக்கென்று திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானதையும், 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் செய்தியாளர்கள் வந்து எடுத்துப் போனார்கள். உப்பேறிய கிணற்றின் உழவரையும், வேலை இழந்த சாயப்பட்டறைத் தொழிலாளியையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேசவைக்க உள்ளூர்ப் பிள்ளையால்தான் முடியும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும்.

ஆகவே ஈரோட்டில் ஒரு கொங்கு ஆவணப்படக் கருவிக்கூடம் வேண்டும் என்று நான் மேடைதோறும் கேட்டு வருகிறேன். கேமராக்கள், நல்ல மைக்குகள், எடிட்டிங் கணினி, சத்தம் புகாத ஓர் அறை ஆகியவற்றோடு, மாதச் சம்பளத்தில் ஓர் ஒலிப்பதிவாளரும் ஒரு படத்தொகுப்பாளரும் அங்கே இருக்க வேண்டும். விண்ணப்பம் தமிழில் இரண்டு பக்கம் போதும். எழுத வராதவர் வாயால் சொன்னாலும் ஏற்க வேண்டும். முதலில் செலவு செய்து ரசீது கொடுத்தால் பிறகு பணம் வரும் என்ற முறை, கையில் காசு உள்ளவருக்கு மட்டுமே உதவும். பாதித் தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆண்டு நிகர லாபம் ஐந்து கோடியை எட்டும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம். அந்தப் பணிகளின் பட்டியலில் கலையும் பண்பாடும் இருக்கின்றன. திருப்பூரிலும் கரூரிலும் கோவையிலும் அத்தகைய நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. ஆடிப்பட்டம் அவர்களுக்கும் தெரியும்.

நேரம் கடந்துவிட்டதாகப் புலவர் ஐயா குறிப்புக் காட்டுகிறார்; அவர் சொல்லை நான் தட்டியதில்லை. எடுத்த படங்களைக் காப்பதைப் பற்றி இன்னொரு மேடையில் விரிவாகப் பேசுகிறேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். சென்னிமலைத் தொழிலதிபர் அவர்கள், தம் பழைய தறிக்கூடத்தின் மேல்மாடி பூட்டிக் கிடப்பதாகப் பகல் உணவின்போது சொன்னார்கள். அந்த மாடியைக் கருவிக்கூடத்துக்குத் தர வேண்டும் என்று இந்த அவையின் சார்பில் அவரைக் கேட்கிறேன். புலவர் ஐயா அதைத் தீர்மானமாக முன்மொழிய வேண்டும். முதல்வர் அம்மையார் வழிமொழிய வேண்டும். நன்றி, வணக்கம்.