குழந்தையைத் தெரபிக்கு அனுப்புற சீட்டுல என்ன எழுதணும்?

[திரையில்: ஓ.பி. சீட்டு. அதில் ஒரே வரி, "வளர்ச்சித் தாமதம். தெரபி தேவை."]

குரல்: இந்தச் சீட்டோட போனா, அங்க வர்ற முதல் கேள்வியே "எந்தத் தெரபிக்கு?"ன்னுதான் இருக்கும்.

உட்கார, நிக்க, நடக்க சிரமம்னா பிசியோதெரபி. பட்டன் போட, பென்சில் பிடிக்க, தானா எடுத்துச் சாப்பிட முடியலைன்னா ஆக்குபேஷனல் தெரபி. பேச்சுக்கு ஸ்பீச் தெரபி. பலருக்குத் தெரியாதது, விழுங்குறதுல உள்ள சிக்கலையும் ஸ்பீச் தெரபிஸ்ட்தான் பார்ப்பாங்க. பால் குடிக்கும்போதெல்லாம் புரையேறுற குழந்தைக்குப் பேச்சு வர்ற வயசு வரட்டும்னு காத்திருக்கவே கூடாது.

[திரையில்: காது பரிசோதனை அறை]

16 மாசத்துல ஒரு வார்த்தைகூட இல்ல, 2 வயசுல ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லலைன்னா அனுப்பிடணும். "இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான்"னு பாட்டி சொல்வாங்க. பாட்டி பொய் சொல்லல. ஆனா அப்பாவுக்கு அப்போ யாரும் காது டெஸ்ட் எடுத்துப் பார்க்கல! அதனால ஸ்பீச் தெரபின்னு எழுதுற அதே சீட்டுல செவித்திறன் பரிசோதனையும் கேளுங்க. கதவு அடிச்சா திரும்புதேன்னு விட்டுடாதீங்க. பெரிய சத்தம் கேட்கும், 'ஸ', 'ஃப' மாதிரி மெல்லிய ஒலி கேட்காது, அப்படியும் பிள்ளைங்க உண்டு.

[திரையில்: புதுச் சீட்டு. வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன]

"வயது 14 மாதம். 32 வாரத்தில் பிறந்தது; குறைமாதத்தைக் கழித்தால் 12 மாதம். எதை எடுக்கவும் வலது கை மட்டுமே. இடது கை மூடியே இருக்கிறது. பிசியோ, ஆக்குபேஷனல் மதிப்பீடு தேவை."

குரல்: இதுல நோய்ப் பெயரே இல்ல, கவனிச்சீங்களா? ஒன்றரை வயசுக்கு முன்னாடி ஒரே கையை மட்டும் பயன்படுத்துறது, இன்னொரு கையில பலவீனம் இருக்கலாம்னு காட்டுற அறிகுறி. பேரு என்னன்னு டாக்டர் தேடட்டும், தெரபி அது பாட்டுக்குத் தொடங்கட்டும்.

எங்க போறது? ஆர்.பி.எஸ்.கே.ன்னு, குழந்தைங்க உடல்நலத்தைப் பரிசோதிக்கிற அரசுத் திட்டம் 2013-ல தொடங்குச்சு. அதுல ஒரு மருத்துவக் குழு வருஷத்துக்கு 2 தடவை அங்கன்வாடிக்கு வரணும். அவங்ககிட்டயே கேளுங்க. இந்த மாதிரி குழந்தைங்களைப் பார்க்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க. 18 வயசு வரைக்கும் இலவசம்.

ஒண்ணு மட்டும் வேற கணக்கு. பேசிட்டிருந்த குழந்தை பேச்சை விட்டுடுச்சு, நடந்த பிள்ளை நடக்கலைன்னா, தெரபி தேதிக்குக் காத்திருக்காம உடனே குழந்தை மருத்துவர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.