படம் பார்த்துத்தான் நான் புத்தகத்துக்கு வந்தேன்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அண்ணன் அவர்களே, எதிரணி டீச்சர், தம்பி, இந்த மழையிலும் நம் மலையகத்தின் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்தெல்லாம் அட்டனுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"புகழ்பெற்ற நாவல்களைப் படமாக்குவது நம்மைப் புத்தகத்திடம் கொண்டுவருகிறதா, புத்தகத்திலிருந்து விலக்குகிறதா?" இதுதான் தலைப்பு. விலக்குகிறது என்று டீச்சர் பேசினார். படம் பார்த்தவர் கதைதான் தெரியுமே என்று புத்தகத்தைத் தொடமாட்டார், தொட்டாலும் நடிகரின் முகம்தான் முன்னால் வந்து நிற்கும் என்றார். டீச்சரின் அப்பா சின்ன வயதிலேயே அவருக்குக் கல்கியை வாசித்துக் காட்டினாராம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. நான் பிறந்த லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டின் ஒற்றை அறையில், அச்சடித்த எழுத்து என்றால், சுவரில் ஒட்டியிருந்த பழைய பேப்பரும் கடைக் கலண்டரும்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு தையல் கடைக்கு வந்துவிட்டேன். 36 வயது வரை ஒரு நாவலை முழுதாகப் படித்ததில்லை. ஒருவர் புத்தகத்தை விட்டு விலக வேண்டுமென்றால், முதலில் அதன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், நடுவர் அவர்களே. எங்களில் எத்தனை பேர் இருந்தோம்?

என்னைக் கூட்டிவந்தது ஒரு படம். பாலா எடுத்து 2013இல் வந்த 'பரதேசி'. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீவியில் போட்டார்கள். அம்மா கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்துக்கென்று ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறார்கள், நாட்கணக்காக நடக்கிறார்கள், வழியில் விழுந்துவிட்ட ஒருவரை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டம் நகர்கிறது. அம்மாவின் கை நின்றுவிட்டது. "எங்க அப்பாயியோட ஆத்தா மன்னார்க் கரையில எறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுக்குள்ள இப்பிடித்தான் நடந்தாங்களாம்" என்றார். அதுவரைக்கும் அந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

இந்தப் படத்துக்கு வேர் ஒரு நாவல் என்று கடைக்கு வரும் ஒரு சேர்தான் சொன்னார். ஆனைமலைத் தோட்டங்களில் டொக்டராக இருந்த பி. எச். டேனியல் என்பவர் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், 'எரியும் பனிக்காடு' என்று. அந்தத் தமிழ்ப் புத்தகம் 2007இலேயே வந்துவிட்டது. படம் வருவதற்கு ஆறு வருடம் முந்தியே கடைகளில் இருந்திருக்கிறது, என் வீட்டு வாசலுக்கு வரவில்லை. இந்தியாவுக்குப் போய்வந்த ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தேன்.

திறந்தால் ராசாவைக் காணோம், அங்கம்மாவைக் காணோம். கருப்பன், வள்ளி என்று ஒரு புருசன் பெண்சாதி. படத்தில் ராசா மட்டும் போய் மாட்டிக்கொள்கிறான், அங்கம்மா ஊரில் நிற்கிறாள். புத்தகத்தில் இருவரும் சேர்ந்தே மலையேறுகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப்பட்டது. ஏனென்றால் நம்முடைய லயங்களில் நடந்ததும் அதுதானே? குடும்பமாக வந்து, குடும்பமாகக் கடன்பட்டு, ஒரே காம்பராவுக்குள் சமைத்து, பிள்ளை பெற்று, பிணமும் கிடத்தினோம். இரவு தைத்து முடித்த பிறகு பத்துப் பக்கம், பதினைந்து பக்கம். அளவு நாடாவைத்தான் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். கூலிக்கணக்கு வரும் இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். "கூடைக்கி ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, அப்புறமும் அரைப் பேருதான், அரை நாள் சம்பளந்தான் போடுவாங்க" என்றார். அவர் கொழுந்து நிறுக்கும் தராசடியில் நின்ற நாட்களை அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

எதிரணித் தம்பி இதே படத்தை எங்களுக்கு எதிராகக் காட்டினார். நாவலில் நோயோடு மல்லுக்கட்டும் நல்ல டொக்டர், படத்தில் ஆடிப்பாடி மதம் மாற்றுகிறவராகிவிட்டார், இது எழுதியவருக்குச் செய்த அநியாயம் என்றார். ஒத்துக்கொள்கிறேன் தம்பி. எழுதியவரே ஒரு டொக்டர் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கோபம் யாருக்கு வரும்? இரண்டையும் தொட்டவருக்குத்தான் வரும். படம் தவறு செய்த இடத்தில்தான் நான் புத்தகத்தைக் கவனமாகப் படிக்கப் பழகினேன். இது ஏன் மாறியது, யார் மாற்றினார், எதற்காக என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்தக் கேள்வியை யாரும் சொல்லித்தரவில்லை.

இனி அந்த முகம் ஒட்டிக்கொள்ளும் விஷயம். உண்மைதான். 2022இல் 'பொன்னியின் செல்வன்' முதல் படம் பார்த்துவிட்டு என் மகள் புத்தகத்தைக் கேட்டாள். கல்கி 1950இலிருந்து நாலு வருடம் வாரம் வாரமாக எழுதியது, ஐந்து பாகம். நானும் அவளோடு தொடங்கினேன். படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. புத்தகமோ ஆடிப் பதினெட்டாம் பெருக்கில், வீரநாராயண ஏரிக்கரையில், குதிரையில் போகும் வந்தியத்தேவன் என்ற வாலிபனோடு தொடங்குகிறது. அந்த வாலிபனுக்கு எங்களுக்குக் கார்த்தி முகம்தான். இருக்கட்டுமே. ஆனால் அவன்மேல் ஆசை வைத்த மணிமேகலை? படத்தில் அவள் இல்லவே இல்லை. நாவலின் முடிவில் வந்தியத்தேவன் மடியில் கிடந்து உயிர் விடுகிறாள். அந்த முகத்தை எங்களுக்கு யாரும் தரவில்லை. என் மகள் ஒன்று நினைத்திருக்கிறாள், நான் ஒன்று நினைத்திருக்கிறேன். இரண்டு நாள் அவள் சரியாகப் பேசவில்லை, மணிமேகலைக்காக.

சிங்களச் சகோதரர்களைப் பாருங்கள். மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் 'கம்பெரலிய' எழுதினார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கினார், 1965இல் டில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது கிடைத்தது. அதோடு விடவில்லை. அந்த வரிசையில் மிச்சமிருந்த இரண்டு நாவல்களையும் அவரே எடுத்தார். எங்கள் கடையில் வேலை செய்யும் சிங்களத் தங்கச்சி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்துக்குப் போனாளாம்.

நமக்கு? மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் ஐயா 1975இல் வந்த 'புதிய காற்று' படத்துக்குக் கதைவசனம் எழுதினார். அவருடைய நாவல் படமாகவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' படமாகவில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', நம்முடைய ஆட்கள் கடல் கடந்து இந்த மலைக்கு வந்த கதை, அதுவும் படமாகவில்லை.

நான் போகும் நூலகத்தில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தைத் திறந்தால், தேதிச்சீட்டு நிரம்பி அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கிறது. 'தூரத்துப் பச்சை'யின் சீட்டில் நாலே நாலு முத்திரை. டீச்சர் சொல்வது சரியென்றால், படமாகாத புத்தகமல்லவா அதிகம் படிக்கப்பட்டிருக்க வேண்டும்? அதன்மேல் எந்த நடிகரின் முகமும் ஒட்டவில்லையே, யாரும் அதை விலக்கவில்லையே, நடுவர் அவர்களே!

ஐந்தாவது முத்திரை நேற்று விழுந்தது. புத்தகம் இதோ என் பையில் இருக்கிறது. இரண்டு கிழமைத் தவணை. முந்நூறு பக்கத்தையும் அதற்குள் முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு யாருக்கு வேண்டும் என்று மேடையை விட்டு இறங்கியதும் சொல்லுங்கள், டீச்சர். முதல் பெயராக உங்கள் பெயரை எழுதிக்கொள்கிறேன்.