தங்கை புத்தகத்தில் அக்காவின் எட்டுக் கவிதைகள்

(கேரளத்தில் தமிழர்கள் வாழும் கொழிஞ்சாம்பாறையின் வாசகசாலை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு, ஆங்கிலத்தில் எழுதிய வங்காளக் கவிஞர் தோரு தத்தின் பெயர் தெரிந்திருக்கும். சவுக்கு மரத்தைப் பற்றி அவர் எழுதிய கவிதையைப் படித்திருப்பீர்கள். நான் பேச வந்தது அவருடைய அக்கா ஆருவைப் பற்றி.

கல்கத்தா ராம்பாகானில் இருந்தது தத் குடும்பம். அப்பா கோவின் சந்தர் கவிஞர். 1870-இல் உறவுக்காரர்களோடு சேர்ந்து ஒரு குடும்பக் கவிதைத் தொகுப்பே போட்டிருக்கிறார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் அப்ஜு 1865-இல் இறந்துபோனான். 1869-இல் பெற்றோர் பெண்கள் இருவரையும் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார்கள். நீஸ் நகரில் கொஞ்ச காலம் பிரெஞ்சுப் பள்ளி, அப்புறம் லண்டன், கேம்பிரிட்ஜ். 1873-இல் ஊர் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 23 அன்று காசநோய் ஆருவைக் கொண்டுபோனது. வயது இருபது.

வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம், வேலைக்கு ஆங்கிலம் என்று வாழ்கிறவர்கள் நாம். வங்காளப் பெண்கள் பிரெஞ்சுக் கவிதையை ஆங்கிலத்தில் எழுதியது நமக்கு அவ்வளவு அதிசயமாகப் படாது. அதற்குப் பின்னால் நடந்ததுதான் அதிசயம்.

1876-இல் கல்கத்தா பவானிப்பூர் அச்சகம் ஒன்றிலிருந்து பிரெஞ்சுக் கவிதைகளைத் தோரு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தொகுப்பு வந்தது. முன்னுரை கிடையாது, அச்சும் சுமார்தான். லண்டனில் ‘எக்ஸாமினர்’ பத்திரிகை ஆசிரியர் அதை விமர்சகர் எட்மண்ட் காஸ் கையில் கொடுத்தார். பார்த்த மாத்திரத்தில் குப்பைக்கூடைக்குப் போகவேண்டிய புத்தகம் என்றுதான் காஸுக்குத் தோன்றியது. வேண்டாவெறுப்பாகப் பிரித்தார். கண்ணில் பட்டது பிரெஞ்சுக் கவிஞர் விக்டர் ஹியூகோவின் ஒரு விடியற்காலைப் பாட்டு. மனிதர் அசந்துபோனார். தோருவை வெளியுலகம் கவனித்ததில் அந்தப் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் பாட்டை மொழிபெயர்த்தவர் ஆரு! நூற்றைம்பதுக்கு மேல் கவிதைகள் உள்ள அந்தப் புத்தகத்தில் அக்காவினுடையவை எட்டே எட்டு. காஸ் பிரித்த இடத்தில் அதில் ஒன்று இருந்திருக்கிறது. இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. பாட்டு நன்றாக இல்லாவிட்டால் அவர் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார், இல்லையா?

தோரு எதையும் மறைக்கவில்லை. ஆருவின் கவிதைகளுக்குக் கீழே ‘ஏ’ என்று எழுத்துப் போட்டார். புத்தகத்தின் கடைசிக் குறிப்பில், அக்கா உயிரோடு இருந்து உதவியிருந்தால் நூல் இதைவிட நன்றாக வந்திருக்கும் என்று எழுதினார். சபை மரியாதைக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இருவருக்கும் வேறொரு திட்டமும் இருந்தது. தங்கை நாவல் எழுத வேண்டும், அக்கா படம் வரைய வேண்டும். தங்கை பிரெஞ்சில் நாவலை எழுதி முடித்தார். 1879-இல் பாரிஸில் அது வெளிவந்தபோது இருவருமே இல்லை. தோருவும் 1877-இல் அதே நோயில், 21 வயதில் போய்விட்டார்.

வீட்டில் எப்போதும் தங்கைதான் முன்னால் நிற்பாள், மூத்தவள் தானாகவே பின்னால் ஒதுங்கிக்கொள்வாள் என்று அப்பா எழுதிவைத்திருக்கிறார். பெற்ற அப்பா சொன்னது. அதில் பொய் இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு எழுதியவர்களும் ஆருவை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆங்கில ஆசிரியர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். வகுப்பில் காஸ் கதையைச் சொல்லும்போது, அந்த விடியற்காலைப் பாட்டு யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பழைய பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.