வெறும் விரல்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, கைதட்டத் தயாராக வந்திருக்கும் பெருமக்களே, வணக்கம். நிம்மதி தருவது இந்தக் கணத்தில் வாழ்வதா, நாளைக்குத் திட்டமிடுவதா என்று தலைப்பு. நான் இந்தக் கணத்தின் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு குண்டு போட்டார். "இந்தக் கணத்துல மட்டும் வாழ்றவங்க உலகத்துலயே ரெண்டு பேர்தான். ஒண்ணு கைக்குழந்தை, இன்னொண்ணு நாய். ரெண்டுக்கும் சோறு போட, திட்டம் போடுற ஒருத்தர் வேணும்!" நீங்களும் விசில் அடித்தீர்கள். நல்லாத்தான் இருந்தது, நானே சிரித்துவிட்டேன்.

ஆனால் சகோதரி, நாய் வாலாட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? உடம்பு முழுக்க ஆடும். நாமோ ஒருவருக்குக் கை கொடுக்கும்போதே, அவர் தோளுக்கு மேலாக அடுத்து யார் வருகிறார் என்று எட்டிப் பார்க்கிறோம். நாய் படுத்தால் தூங்குகிறது. நாம் ராத்திரி 2 மணிக்கு விழித்துக்கொண்டு, மேனேஜர் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன், அதற்கு அவர் என்ன சொல்வார் என்று இரண்டு பேர் வசனத்தையும் ஒரே ஆளாகப் பேசிக்கொண்டு படுத்திருக்கிறோம். மேனேஜர் அங்கே குறட்டை விடுகிறார்! இப்போதுகூடப் பாருங்கள் நடுவர் அவர்களே, சகோதரி நான் சொல்வதைக் கேட்கவில்லை. அடுத்த சுற்றுக்குக் குறிப்பு எழுதுகிறார். கேள்வியே காதில் விழவில்லை, பதில் ரெடி!

2010இல் வெளிவந்த ஒரு ஆய்வுக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரின் செல்போனுக்கு நேரங்கெட்ட நேரத்தில் கேள்வி அனுப்பினார்கள். இப்போது என்ன செய்கிறாய், மனசு எங்கே, சந்தோஷமாக இருக்கிறாயா? கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனசு செய்கிற வேலையில் இல்லை. அலைகிற நேரத்தில் சந்தோஷமும் குறைவு. அந்தக் கணக்குப்படி இந்த அரங்கில் பாதி நாற்காலி காலி. உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆனாலும் காலி. வள்ளுவர் இதைச் செல்போன் இல்லாமலே எண்ணிவிட்டார்: "ஒருபொழுதும் வாழ்வது அறியார் கருதுப கோடியும் அல்ல பல." ஒரு பொழுதாவது இருப்போமா என்றே தெரியாது, நினைப்பு மட்டும் கோடிக்கு மேலே!

நானும் யோக்கியன் இல்லை. மனசை இந்தக் கணத்தில் நிறுத்தப் பழக்கும் கவனப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட் ஜின் தீராத வலிக்காரர்களுக்காகத் தொடங்கினாரே, அந்த 8 வாரப் பாணி. முதல் நாள் ஆளுக்கு ஒரு உலர்ந்த திராட்சை கொடுத்தார்கள். ஒன்றே ஒன்று. கையில் வந்தது, வாயில் போட்டேன், விழுங்கியாச்சு. அப்புறம்தான் பயிற்சியாளர் மெதுவாக ஆரம்பிக்கிறார்: "இந்தத் திராட்சையை, வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பதுபோலப் பாருங்கள்."

எங்கே போய்ப் பார்ப்பது? உள்ளங்கையைப் பார்த்தேன். "சுருக்கங்களைக் கவனியுங்கள்." என் கையிலும் சுருக்கம் உண்டு, சமாளித்தேன். "முகர்ந்து பாருங்கள்." முகர்ந்தேன், சோப்பு வாசனை. "காதருகே வைத்து உருட்டுங்கள், சத்தம் கேட்கிறதா?" நடுவர் அவர்களே, வெறும் ரெண்டு விரலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து உருட்டுகிறேன். இதோ இப்படி! வெறும் விரல்! பக்கத்து ஆள் பார்க்கிறார், நான் 'ஆகா' என்று தலையாட்டுகிறேன். பயிற்சியாளர் நேராக என்னிடம் வந்தார். "சார், உங்களுக்குச் சத்தம் எங்கேயிருந்து வருது?" "வயித்துக்குள்ளேயிருந்து சார்!"

மணியா? இப்போதுதான் திராட்சையே செரித்திருக்கிறது. ரெண்டே நிமிடம்.

அவர் திட்டவில்லை, இன்னொன்று கொடுத்தார். நாக்கில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தேன். காம்பு இருந்த இடம் லேசாகக் குத்தியது. கடித்ததும் புளிப்புதான் முதலில் வந்தது, இனிப்பு அதற்குப் பின்னால். இத்தனை வருஷம் தின்றிருக்கிறேன், அதில் புளிப்பு இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

திட்டமே கூடாதா என்பார்கள். தாராளமாகப் போடுங்கள், போடும்போது அதிலாவது இருங்கள். அதற்குமேல் என்னிடம் பதில் இல்லை, எனக்கு வேறொன்று சொல்ல வேண்டும்.

எங்கம்மா தினமும் போன் பண்ணுவாள். சொன்னதையே சொல்வாள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மெயில் அடித்துக்கொண்டே 'ம்' கொட்டுவேன். ஒரு நாள் பாதியில் நிறுத்தி, "கேக்கறியா?" என்றாள். "ம்." "சரிப்பா, வேலையா இருப்ப. மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கு அவள் இல்லை.

அந்த அழைப்பு இன்னும் என் போனில் இருக்கிறது, அழிக்கவில்லை. 23 நிமிடம் என்று காட்டுகிறது. அன்றைக்கு அடித்த மெயில்கள்கூட அப்படியே இருக்கின்றன, எடுத்துப் படிக்கலாம். அம்மா என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்றுதான் தெரியவில்லை. எத்தனையோ ராத்திரி யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் 'ம்' என்றது மட்டும் காதில் கேட்கிறது.

வணக்கம்.