அடுத்தடுத்துக் கரு கலைந்தால்: ரத்தத்தில் பார்க்க வேண்டியதும் வேண்டாததும்

அனைவருக்கும் வணக்கம். இந்தத் தலைப்பில் பேசப் போனால் வழக்கமாக மாமியாரும் மருமகளும்தான் வருவார்கள். இன்றைக்கு முன்வரிசையில் கணவன்மார்கள் சிலரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம்.

கரு உண்டானது உறுதியான பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவருக்கு அது கலைந்துவிடுகிறது. பெரும்பாலும் அந்தக் கருவின் குரோமோசோமில் நேர்ந்த கோளாறுதான் காரணம். மாடிப்படி ஏறியதாலும் இல்லை, பப்பாளி தின்றதாலும் இல்லை, டூவீலரில் போனதாலும் இல்லை. ஆனால் மூன்று முறை, நான்கு முறை என்று தொடர்ந்து போகிறவர்கள் நூறு தம்பதிகளில் ஒரு ஜோடியாவது இருக்கிறார்கள். “இவளுக்குக் கரு தங்காது” என்று தெருவே பேசும். அப்படிப்பட்ட பெண்களில் சிலருக்குக் காரணம் ரத்தத்தில் இருக்கிறது. அதற்கு மருந்தும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கதை மேக நோயிலிருந்து ஆரம்பிக்கிறது. 1906இல் ஜெர்மனியில் வாசர்மன் என்பவர் மேக நோயான சிபிலிஸுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை கண்டுபிடித்தார். அந்தப் பரிசோதனையில் வினைபுரிகிற பொருள் என்ன என்பது பல வருஷம் புரியவில்லை. 1941இல் மேரி பாங்பார்ன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாட்டு இதயத்திலிருந்து அந்தக் கொழுப்பைத் தனியே பிரித்து, கார்டியோலிப்பின் என்று பெயர் வைத்தார். இந்த நோய்க்காகக் கர்ப்பிணிகளுக்கு இன்றும் எடுக்கிற வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் இருப்பது அதே கொழுப்புதான்.

சில பெண்களுக்கு நோயே இருக்காது, பரிசோதனை மட்டும் பாசிட்டிவ் என்று வரும். அந்தச் சீட்டு வீட்டுக்குப் போனால் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாவம், அவர்கள் உடம்பு உண்டாக்கியிருந்தது அந்தக் கொழுப்புக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், அவ்வளவுதான். அவர்களில் சிலருக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய், இருந்தது, சிலருக்குக் கரு கலைந்துகொண்டே இருந்தது. 1983இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் கிரஹாம் ஹியூஸ் குழுவினர் இந்த ஆன்டிபாடியை நேரடியாக அளக்க வழி செய்து, ரத்தக்கட்டு, கருச்சிதைவு இரண்டையும் ஒரே நோயில் சேர்த்தார்கள். ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் சிண்ட்ரோம், சுருக்கமாக ஏ.பி.எஸ்.

நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டி குழந்தைக்கு ரத்தம் போகாமல் போகிறது என்றுதான் முதலில் நினைத்தோம். கலைந்த கருக்களின் நஞ்சைச் சோதித்தால் பலவற்றில் ரத்தக்கட்டே இல்லை. இந்த ஆன்டிபாடி நஞ்சின் செல்களையே தாக்கி, அது கருப்பையில் வேர்பிடிப்பதைக் கெடுக்கிறது. உடம்பின் எதிர்ப்புப் புரதங்களையும் அங்கே கிளப்பிவிடுகிறது. ஹெபாரின் என்ற ஊசி மருந்து ரத்தம் உறைவதைத் தடுப்பதோடு அந்தக் கிளர்ச்சியையும் அடக்குகிறது.

1997இல் லண்டனில் ராஜ் ராய், லெஸ்லி ரீகன் குழுவினர் இந்த ஆன்டிபாடி இருந்து அடுத்தடுத்துக் கரு கலைந்த 90 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் எடுத்த 45 பேரில் 19 பேருக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பிரினோடு ஹெபாரின் ஊசியும் போட்ட 45 பேரில் 32 பேருக்கு.

“வயிற்றில் ஊசி போட்டால் குழந்தையைக் குத்தாதா?” என்று கேட்காத பாட்டி இல்லை. குத்தாது. தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, அடியில் இருக்கிற கொழுப்பில்தான் ஊசி இறங்குகிறது. போட்டபின் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கன்றிப்போகும். ஹெபாரின் நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. வார்ஃபரின் மாத்திரை போகும், குழந்தையின் உறுப்புகளைக் கெடுக்கும். முன்பே ரத்தக்கட்டுக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் நாள் தள்ளிப்போன உடனே டாக்டரிடம் ஓடிவர வேண்டும்.

பார்க்க வேண்டிய பரிசோதனை மூன்று: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீனுக்கு எதிரான ஆன்டிபாடி. ஒரு தடவை பாசிட்டிவ் வந்தால் போதாது. காய்ச்சல், தொற்று வந்தாலும் இவை கொஞ்ச காலம் ஏறி இறங்கும். குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் இருந்தால்தான் ஏ.பி.எஸ்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு தடவை கலைந்ததுமே பத்துப் பதினைந்து ஆன்டிபாடிக்குப் பட்டியல் எழுதி லேபுக்கு அனுப்புகிறார்கள். ஏ.என்.ஏ. என்பது உடம்பின் சொந்த செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி; அது நோயே இல்லாத பெண்களில் பலருக்கும் பாசிட்டிவ் வரும். அதைக் காட்டி ஸ்டீராய்டு கொடுப்பது சரியா? 1997இலேயே கனடாவில் 202 பெண்களிடம் பார்த்தாயிற்று: பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்ததில் குழந்தை தங்கியது பெரிதாகக் கூடவில்லை, குறைமாதப் பிரசவம்தான் பல மடங்கு கூடியது. தைராய்டு ஆன்டிபாடிக்கும் இதே கதை. சுரப்பு சரியாக இருந்து ஆன்டிபாடி மட்டும் உள்ள பெண்களுக்குத் தைராக்ஸின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்தது. குழந்தை பிறந்தது, மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 37.4 பேருக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 37.9 பேருக்கு. வித்தியாசமே இல்லை.

அப்படியானால் யார் பரிசோதிக்க வேண்டும்? பத்து வாரத்துக்குள் மூன்று முறை கலைந்தவர்கள். இரண்டு முறைக்கே பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. பத்து வாரம் தாண்டி, உருவம் சரியாக இருந்த குழந்தை ஒரே ஒரு முறை தவறியிருந்தாலும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறியோ, நஞ்சு சரியாக வேலை செய்யாமலோ 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆனவர்களும் இதில் சேர்த்தி.

அதனால் வீட்டுக்குப் போனதும், கலைந்துபோன கர்ப்பத்தின் ஸ்கேன் சீட்டு எங்கே என்று தேடுங்கள். மனசு கஷ்டப்பட்டுக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். எத்தனை வாரம், துடிப்பு பார்த்தார்களா, வளர்ச்சி எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. டாக்டர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.